களப்படிப்புக்கு எங்கே போவது: வெங்காயத் தோட்டமா, நெடுந்தீவா, மலையகமா?

சென்ற கிழமை இரண்டாம் ஆண்டுச் சமூகவியல் மாணவி ஒருவர் எனக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். "மிஸ், இந்த செமஸ்டருக்கு எங்களுக்கு ஒரு களப்பயணம்தான். பாதிப்பேர் நுவரெலியா என்கினம், பாதிப்பேர் நெடுந்தீவு என்கினம். சேர் பக்கத்தில ஒரு தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்கிறார். எது நல்லது?" கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நுவரெலியா என்றால் எல்லாரும் வருவினம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கடைசி வரியில்தான் விசயம் இருக்கிறது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. இருபது வயதில் நானும் பனிமூட்டம் பார்க்கத்தான் கை தூக்கினேன். ஆனால் இதே கேள்வி வருடா வருடம் யாராவது ஒருவரிடமிருந்து வருகிறது. மாணவியாகவும், பிறகு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனவளாகவும் இந்த எல்லா வழிகளிலும் நான் போயிருக்கிறேன். ஆகவே ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் தெரிவுகள் நான்கு. பேருந்து பிடித்து ஒருநாள் தோட்டம் பார்ப்பது; ஒரே தோட்டத்துக்கு ஒரு பயிர்க்காலம் முழுக்கப் போய்வருவது; நெடுந்தீவு போன்ற தீவொன்றில் இரண்டு மூன்று இரவு தங்குவது; தெற்கே, நுவரெலியா இருக்கும் மலையகத்துக்கு ஒரு கிழமைப் பயணம் போவது.

## எதைக் கொண்டு அளப்பது

இடம் வடிவாக இருக்கிறதா என்பதை விட்டுவிடுங்கள். நான் பார்ப்பது நான்கு விசயம்.

திரும்பிப் போக முடியுமா? இதுதான் என் முதல் அளவுகோல். மற்ற மூன்றையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. முதல் சந்திப்பில் எவரும் விருந்தாளிக்குச் சொல்வதைத்தான் சொல்வார்கள். "ஒரு குறையும் இல்லை தம்பி" என்பது முதல் நாள் பதில். கடன் எவ்வளவு, தம்பியோடு ஏன் கதைப்பதில்லை என்பதெல்லாம் மூன்றாம் நாளுக்குப் பிறகு வருபவை.

அங்கே நான் ஆர்? உங்களை அறிமுகப்படுத்துவது கிராம அலுவலரா, கோயில் தர்மகர்த்தாவா, தோட்டத்தில் வேலை செய்யும் அக்காவா? எந்த வாசலால் நுழைகிறீர்களோ அந்த வாசலுக்குத் தெரிந்த ஊர்தான் உங்களுக்குத் தெரியும்.

அவர்களுக்கு என்ன செலவு? கமக்காரரின் ஒரு காலைப்பொழுது, தேத்தண்ணிக்குப் போட்ட சீனி, மாணவர் கால்பட்ட பாத்தி. இதை எந்தப் பயணத் திட்டத்திலும் நான் கண்டதில்லை.

எங்களுக்கு என்ன செலவு? காசு, நேரம், அதோடு வீட்டுச் சம்மதம். பெண்பிள்ளைகள் அதிகம் படிக்கும் துறை இது. ஓர் இரவு வெளியே தங்குவதற்கு அப்பாவிடம் கேட்பது காசு திரட்டுவதைவிடக் கடினம் என்பதை ஆண் விரிவுரையாளர்கள் அடிக்கடி மறந்துபோகிறார்கள்.

தூரம் போவதுதான் களம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைச் சுற்றுலா அனுப்பவில்லை. 1916இல் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களிடம், உங்கள் ஊரையே ஆய்வு செய்து வாருங்கள் என்று கேள்விகளைக் கொடுத்து அனுப்பினார். அப்படி எழுதப்பட்ட ஊர்களில் ஒன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. 1930களிலும் 1980களிலும் 2008இலும் வேறு வேறு ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பிப் போனார்கள். ஒரு மாணவரின் விடுமுறை வேலை நூறு வருடத்து ஊர்க்கதைக்கு அடித்தளமானது அந்தத் திரும்பிப் போதலால்தான்.

## ஒருநாள் தோட்டச் சுற்று

ஒருமுறை போனோம்: நாற்பத்திரண்டு பேர், ஒரு பேருந்து, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில் ஒரு மாதிரித் தோட்டம். தோட்டக்கார ஐயா தோய்த்த வேட்டியோடு வந்து நின்றார். சொட்டுநீர்ப்பாசனம் பற்றி அரை மணிநேரம் சொன்னார். எல்லாரும் எழுதினோம். படம் எடுக்கப் பின்னால் நகர்ந்த ஒருவர் புதிதாய் நட்ட வெங்காயப் பாத்திக்குள் காலை வைத்துவிட்டார். ஐயா சிரித்துச் சமாளித்தார். அவருடைய மனைவி சமாளிக்கவில்லை. "கூலி குடுத்து நட்டது பிள்ளையள், நாளைக்கு ஆர் வந்து நடுறது?" என்று கேட்டார். கூலி யாருக்கு, எவ்வளவு, கணக்கு யார் கையில் என்ற கேள்விகள் எல்லாம் அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தன. நாங்கள் அதை எழுதவில்லை. சொட்டுநீர்க் குழாயின் விட்டத்தை எழுதிக்கொண்டிருந்தோம்.

கணக்குப் பாருங்கள். தோட்டத்தில் நிற்பது இரண்டு மணிநேரம் என்றால், நாற்பது பேருக்குப் பங்கிட ஆளுக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் அதிகாரிகள் தெரிவுசெய்து தரும் கமக்காரருடையது. அவரிடம் சொந்தக் காணி இருக்கும், சொந்தக் கிணறு இருக்கும், சுவரில் விருது தொங்கும். குத்தகைக்குச் செய்பவரையும் நாட்கூலிக்குப் புல்லுப் பிடுங்குபவரையும் அன்றைக்குக் காண மாட்டீர்கள்.

இருந்தாலும் இதை அடியோடு தள்ளவும் முடியாது. இப்போதைய மாணவர்களில் பலர் இறைப்பு எப்படி நடக்கிறது என்றே பார்த்ததில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெற்கு விளிம்பில் உள்ள கிளாலியைத் தாண்டினால்தான் கிராமம் என்று நினைப்பவர்களும் உண்டு. முதலாம் ஆண்டுக்கு, கண்ணைத் திறப்பதற்கு இது போதும். காசும் குறைவு, மாலைக்குள் வீடு, பெற்றோர் மறுக்க மாட்டார்கள்.

இதைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் பாதி நாளைச் சந்தைக்குக் கொடுங்கள். விடியவே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கோ சுன்னாகத்துக்கோ மருதனார்மடத்துக்கோ போய், கமக்காரர் இறக்கும் இடத்தில் ஒதுங்கி நின்று பாருங்கள். "கழிவு" என்ற சொல் காதில் விழும். பத்துக் கிலோ கொண்டுவந்தால் ஒரு கிலோவைக் கழித்துவிட்டு ஒன்பதுக்குக் காசு கொடுக்கும் வழக்கம் அது. அதை நிறுத்தச் சொல்லி அறிவிப்புகள் வந்திருக்கின்றன, கூட்டங்கள் நடந்திருக்கின்றன, வழக்கமோ லேசில் சாகவில்லை. சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி வகுப்பில் மூன்று கிழமை படிப்பதை, தராசுக்குப் பக்கத்தில் இருபது நிமிடத்தில் பார்க்கலாம்.

## ஒரே தோட்டம், ஒரு பயிர்க்காலம்

நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை. இதுதான் என் தெரிவு.

ஒரு வசதி இருக்கிறது, பலருக்குத் தோன்றுவதில்லை. சின்ன வெங்காயம் நட்டதிலிருந்து பிடுங்கும் வரை அறுபது முதல் எழுபத்தைந்து நாள். அதாவது ஒரு செமஸ்டருக்குள் ஒரு முழுப் பயிரும் முடிந்துவிடும். மாரி மழையோடு நடுவதாக இருந்தாலும் சரி, வைகாசி ஆனியில் நடுவதாக இருந்தாலும் சரி, நடுகை, இறைப்பு, களை, மருந்தடி, பிடுங்கல், பிடி கட்டல், விற்பனை என்று ஏழெட்டுத் தரம் போனால் ஒரு குடும்பத்தின் உழைப்பும் காசும் கவலையும் முதலில் இருந்து கடைசி வரை கண்முன்னே ஓடும். உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் என்று செம்மண் ஊர்கள் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியில் இருந்து சைக்கிள் தூரம்.

அப்படி என்ன தெரியும்? கிணற்றில் இருந்து தொடங்கலாம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. அடியில் சுண்ணாம்புக்கல், அதற்குள் மழைநீர், அதை எடுக்கக் கிணறு. தோட்டக் கிணறு பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்காது. காணி உறுதியை எடுத்துப் பார்த்தால் இத்தனை பரப்புக் காணியும், அதோடு கிணற்றில் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் என்று எழுதியிருக்கும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஐந்து பரப்புத் தோட்டத்துக்கு நாலு பங்காளிகள், அதில் ஒருவர் கனடாவில், ஒருவர் கொழும்பில், ஒருவர் கதைக்காத சகோதரர் என்றால் இன்றைக்கு இறைப்பு முறை யாருடையது? கனடாக்காரர் தன் பங்கைக் கையாளும் அதிகாரத்தை, அற்றோர்ணித் தத்துவத்தை, யாருக்குக் கொடுத்திருக்கிறார்? 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை, சொத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சேர்த்தது) என்று பிரித்ததெல்லாம் பரீட்சைக்குப் பாடமாக்குகிற சொற்கள். கிணற்றடியில் அவை தண்ணீரின் கணக்கு.

இரண்டாவது, உழைப்பு. கிணற்றில் துலாவால் தண்ணீர் இறைத்த காலத்தில் ஒரு இறைப்புக்கே துலாவில் ஏறி மிதிக்க ஆள், பட்டை பிடிக்க ஆள், பாத்தியில் தண்ணி மாற ஆள் என்று பலர் வேண்டும். 1950களுக்குப் பிறகு மண்ணெண்ணெய் மெஷின் வந்தது. ஆள் குறைந்தது; ஆட்களுக்கு இடையில் இருந்த கட்டுப்பாடும் கொஞ்சம் தளர்ந்தது. அதைப் பார்த்த எழுபது, எண்பது வயதுக்காரர்கள் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக்குத் தடை இருந்தபோது மிளகாயும் வெங்காயமும் எப்படிக் காசாகின, 1977க்குப் பிறகு கதவு திறந்ததும் என்ன ஆனது என்பதும் அவர்களிடம் கேட்க வேண்டியதே. இளையவர்களிடம் 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியதையும், 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் பயிர் வாடியதையும் கேளுங்கள். தேதியை நீங்கள் சொல்லத் தேவையில்லை. "உரம் இல்லாத வருசம்" என்று அவர்களே தொடங்குவார்கள்.

களை பிடுங்குவது பெரும்பாலும் பெண்கள். ஆண் கூலியும் பெண் கூலியும் ஒன்றல்ல. ஏன் என்று தோட்டக்காரரிடம் கேட்டால், பாரமான வேலை ஆண்களுக்கு என்பார். மத்தியானம் வரை குனிந்தபடியே இருக்கும் முதுகைப் பார்த்துவிட்டு அந்தப் பதிலை எழுதுங்கள்.

இனி இதன் விலை. அதைச் சொல்லாமல் விட்டால் இது ஒப்பீடு ஆகாது.

முதல் விலை, கேள்வி கேட்கப் போன உங்களையே ஊர் கேள்வி கேட்கும். "பிள்ளை எவடம்?" அடுத்தது "அப்பா ஆர்?" மூன்றாவது, எந்தக் கோயிலடி, எந்த வாசிகசாலையடி என்று நெருங்கும். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விகளின் நோக்கம் பலவேளை விலாசம் அறிவது மட்டும் இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். உங்கள் சாதியை அவர்கள் ஊகித்த பிறகுதான் எந்தக் கதையைச் சொல்வது, எந்தக் கதிரையில் இருத்துவது, எந்தக் கோப்பையில் தேத்தண்ணி தருவது என்று முடிவாகும். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில், ஒடுக்கப்பட்ட சாதியினரையும் கோயிலுக்குள் விடச் சொல்லி வாசலில் போராட்டம் நடந்தது. அதற்குப் பின் எவ்வளவோ மாறிவிட்டது என்று சொல்வார்கள், மாறியும் இருக்கிறது. கூலிக்கு வந்தவர்கள் எங்கே இருந்து சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். சாதி பற்றி நேரே கேட்டால் கதவு மூடிவிடும்.

சொந்த ஊரிலேயே செய்வது இன்னும் சிக்கல். ஸ்லேட்டரின் மாணவர்கள் ஊர்க் கணக்கு எடுத்தார்கள். நீங்கள் எடுக்க வேண்டியது கணக்கை விட ஆழமான கதை. உங்கள் பெரியப்பாவோடு எல்லைவேலித் தகராறு உள்ளவர் உங்களுக்கு அதைச் சொல்வாரா? அடுத்த ஊருக்குப் போங்கள். ஐந்தாறு கட்டை தள்ளினாலே போதும். முடிந்தால் வேறு வேறு ஊர், வேறு வேறு பின்னணி உள்ள இருவர் சோடியாகப் போங்கள். ஒருவருக்குச் சொல்லாததை மற்றவருக்குச் சொல்வார்கள். இரண்டு பேரின் குறிப்பையும் அருகருகே வைக்கும்போது அந்த வித்தியாசமே தரவு.

இரண்டாவது விலை, கடமைப்பட்டுப் போவீர்கள். நாலாம் தரம் போகும்போது சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லச் சொல்வார்கள். கமநல சேவை நிலையத்துக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்வார்கள். மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்குமா என்று கேட்பார்கள். செய்து கொடுங்கள், ஆனால் முடியாததை முடியும் என்று சொல்லாதீர்கள். செமஸ்டர் முடிந்ததும் காணாமல் போகிறவர்களை இந்த ஊர்கள் நிறையவே பார்த்துவிட்டன. போருக்குப் பிறகு எத்தனையோ பேர் தாள்களோடு வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். "எழுதிக்கொண்டு போனவை ஒருத்தரும் திரும்பி வரேல்லை" என்று வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்த ஒரு அம்மா என்னிடம் சொன்னார். நானும் அப்போது எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாவது, வாடை மழை. ஒரே நாள் மழையில் பயிர் அழுகிப்போகலாம். உங்கள் ஆய்வுத் திட்டமும் அதோடு போகும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் அந்தக் கிழமை கேள்வித்தாளோடு போய் நிற்க வேண்டாம். சும்மா போங்கள்.

## நெடுந்தீவில் இரண்டு இரவு

குறிகாட்டுவான் வரை பேருந்து, அங்கிருந்து கிட்டத்தட்ட ஒரு மணிநேரப் படகு. இறங்கியதும் எல்லாரும் தீவில் திரியும் காட்டுக் குதிரையைத் தேடுவார்கள், பிறகு பெருக்குமரம், பிறகு ஒல்லாந்தர் விட்டுப்போன இடிபாடு. ஒருநாளில் போய்வருகிறவர்களுக்கு அதோடு நேரம் முடிந்துவிடும். அதனால் ஒருநாள் நெடுந்தீவை நான் களப்பயணமாகவே எண்ணுவதில்லை.

தங்கினால் கதை வேறு. காலையில் எழும்பி இறங்குதுறையில் இருங்கள். மீன்பெட்டி, காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணி, பட்டணத்தில் இருந்து வரும் ஆசிரியர் என்று ஒரு தீவின் முழு வாழ்க்கையும் ஒரு படகின் நேர அட்டவணையில் தொங்குவதை அங்கே பார்க்கலாம். தூரம் என்பது கிலோமீற்றர் இல்லை, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதுதான் என்று விளங்கும். சாராப்பிட்டிக் கிணறுகளுக்குப் போய்ப் பாருங்கள்; செம்மண் தோட்டத்தில் கிணறு சொத்து, அங்கே நல்ல தண்ணீரே செல்வம். வலிகாமத்தின் கிடுகுவேலியும் அதை மாற்றிய வெளிநாட்டுக் காசு மதிலும் உங்களுக்குப் பழக்கம். அங்கே கடற்கல்லை அடுக்கிய வேலிகள். யாரிடமிருந்து எதை மறைக்கிறார்கள் என்ற பழைய கேள்வியைப் புதிதாய்க் கேட்கலாம்.

மறைந்த செலவுகளில் பெரியது காற்று. சோளகக் காற்றிலும் வாடைக் காற்றிலும் படகு நின்றுவிட்டால் இரண்டு இரவு நாலு இரவாகும். மாசியில் இருந்து சித்திரை வரை கடல் அமைதி, அப்போது போங்கள். அடுத்தது தண்ணீர். கோடையில் நாற்பது பேர் போய் இரண்டு நாள் குளித்தால் அது அந்தத் தீவுக்குச் சுமை. பத்துப் பேருக்கு மேல் கூட்டிப்போகாதீர்கள்.

ஒன்றை அறிந்துகொண்டு போங்கள். 1985 மே 15இல் குமுதினிப் படகில் போனவர்கள் நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவு இல்லாத குடும்பம் அங்கே குறைவு. படகுப் பயணம் பற்றிக் கேட்கத் தொடங்கினால் பேச்சு அங்கே போய் நிற்கக்கூடும். அப்போது கைப்பேசியில் பதிவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

## மலையகத்துக்கு ஒரு கிழமை

ஓர் இரவு முழுக்கப் பயணம், தங்குமிடம், சாப்பாடு, திரும்ப ஓர் இரவு. காசில் இதுதான் உச்சம். போக முடியாமல் நிற்பவர் எவர் என்பதை வகுப்பில் எண்ணிப் பாருங்கள்; பெரும்பாலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும். வர்க்க ஏற்றத்தாழ்வைப் படிக்கப் போகும் பயணம் பட்டியலிலேயே அதைச் செய்துவிடுகிறது.

மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துக்குள் போக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி தந்தவரே காட்டும் லயனைத்தான், தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான், பார்ப்பீர்கள். கொழுந்து எடுப்பவர் கிலோக் கணக்கில் அளக்கப்படுகிறார். அவரை அரை மணிநேரம் நிறுத்திக் கதைத்தால் அவருடைய நாளில் கை வைக்கிறீர்கள். 2021இல் நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்கிய வர்த்தமானி வந்தபோது, அதற்காக எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்பதும் சண்டையானது. அதைக் கேட்க மாலையில் லயனுக்குப் போக வேண்டும். உங்கள் பேருந்தோ மாலையில் நுவரெலியா ஏரிக்கரையில் நிற்கும்.

இதைவிட எனக்கு உறுத்துவது மாணவர்களின் பார்வை. போகும்போதே "பாவம்" என்ற சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில் வேலைக்கு நின்ற சின்னப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று உங்கள் அம்மம்மாவைக் கேட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள். அந்தக் கேள்வி இல்லாத மலையகப் பயணம் எனக்குச் சுற்றுலாதான். சுற்றுலா போவது தப்பில்லை, அதற்குச் சுற்றுலா என்றே பெயர் வையுங்கள்.

இன்னொரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. 1948இல் மலையகத் தமிழர் பலர் குடியுரிமை இழந்தார்கள், 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்தது. அதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1977இலும் 1983இலும் வன்முறைக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து காலையில் பேருந்து ஏறினால் இரண்டு மணிநேரத்தில் போகலாம், மாலையில் திரும்பலாம், அடுத்த கிழமையும் போகலாம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்காரருக்கும், மேட்டுக்காணியில் கூலிவேலையை நம்பி இருப்பவருக்கும் உள்ள இடைவெளியை நடந்தே அளக்கலாம். அதே குளத்துத் தண்ணீரைக் குடாநாட்டுக்குக் குடிக்கக் கொடுக்கலாமா என்று நடந்த இழுபறி, தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தில் வந்து முடிந்தது. அது 2024இல் திறக்கப்பட்டது. 

## ஒரே பார்வையில்

| | ஒருநாள் சுற்று | ஒரு பயிர்க்காலம் | நெடுந்தீவு | மலையகம் |
|---|---|---|---|---|
| திரும்பிப் போதல் | ஏறக்குறைய இல்லை | ஏழெட்டுத் தரம் | காற்றைப் பொறுத்தது | மிகக் கடினம் |
| காசு | குறைவு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| நுழையும் வாசல் | அதிகாரி | குடும்பமே | தங்கும் வீடு | நிர்வாகம் |
| மறைந்த செலவு | மிதிபட்ட பாத்தி, மூன்று நிமிடப் பேச்சு | தவறும் வகுப்பு, கடமை, "அப்பா ஆர்?" | படகு நிற்பது, தண்ணீர்ச் சுமை | தொழிலாளியின் நேரம், வர முடியாத மாணவர் |
| வீட்டுச் சம்மதம் | எளிது | எளிது | பேச வேண்டும் | கடினம் |

## அப்போது யாருக்கு எது

முதலாம் ஆண்டு, நாற்பது பேர், ஒரே பேருந்துக் காசு: ஒருநாள் சுற்று. ஆனால் சந்தையில் தொடங்கித் தோட்டத்தில் முடியுங்கள், ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கும், இரவு தங்க வீட்டில் விடாதவர்களுக்கும், ஆய்வுக்கட்டுரை எழுத இருப்பவர்களுக்கும் பயிர்க்காலம்தான். வியாழன் பின்னேரம் ஒன்றை ஒதுக்கினால் போதும்.

உங்கள் கேள்வி போக்குவரத்து, வைத்தியம், ஆளில்லாமல் போகும் ஊர், பெண்கள் தனியே குடும்பம் நடத்துவது போன்றதாக இருந்தால் நெடுந்தீவு. கேள்வி இல்லாமல் போனால் குதிரைதான் மிஞ்சும்.

மலையகத்தை இறுதியாண்டுக்கு வையுங்கள். அதுவும் அங்கே உறவோ நண்பரோ இருந்து, லயனில் நாலு இரவாவது தங்க முடிந்தால். இல்லையென்றால் கிளிநொச்சி.

அந்த மாணவிக்கு நான் சொன்னது இதன் சுருக்கம். நுவரெலியாவுக்கு எல்லாரும் வருவார்கள் என்றாரே, அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்: விடுமுறையில் நண்பர்களாகப் போய்வாருங்கள், அறிக்கை எழுதத் தேவையில்லாத பயணம் இன்னும் ருசியாக இருக்கும். அவர் சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பிவிட்டு, "சரி மிஸ், தோட்டத்துக்கு முதல் நாள் என்ன கொண்டு போறது?" என்று கேட்டார்.

கேள்வித்தாள் வேண்டாம். சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிப்பவர்களிடம் முதலில் கதையுங்கள், துறைத்தலைவரின் கடிதத்தைக் கேட்டால் மட்டும் எடுங்கள். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், சின்னக் கொப்பி. பாத்திக்குள் இறங்க முன் வரம்பு எது என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த இரவே குறிப்பை எழுதி ஒரு படியை வேறு இடத்தில் வையுங்கள். இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சிறீனிவாஸ் 1948இல் மைசூர் கிராமம் ஒன்றில் இருந்து எடுத்த குறிப்புகளைப் பல வருடங்கள் ஒழுங்குபடுத்தி மூன்று படிகள் வைத்திருந்தார். 1970இல் அமெரிக்காவில் அவருடைய அலுவலகத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது மூன்றும் அங்கேயே இருந்தன.